மலேரியாவே மதிக்காத மாத்திரை

பென்டா மெத்தையைப் புரட்டிப் போட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியை இழுத்து, உள்ளே இருந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறி எறிந்தாள். தையல் மிஷினின் இழுப்பறையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள். பள்ளிச் சீருடைப் பொத்தான்கள் மூலைக்கு மூலை உருண்டன. மாத்திரைப் புட்டிகள் எங்கும் இல்லை.

வெளியே காளைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கணவன் நாஷோனை நேற்றுப் பிற்பகல் வீட்டு முற்றத்தில் புதைத்தாயிற்று. இன்று காலை மரணத்தை ஊர் எல்லைவரை விரட்டிவிட்டு வர வேண்டும். மாடுகளை முன்னால் ஓட்டி, ஈட்டியும் கம்பும் இலைக்கொத்துமாக ஊரே பின்னால் ஓடும். விசில் சத்தம் இப்போதே கேட்கத் தொடங்கியிருந்தது.

ஓரகத்தி மில்ட்ரெட் வாசலில் வந்து நின்றாள். நாஷோனின் அண்ணன் ஸப்லோனின் மனைவி. கையில் சாம்பல் படிந்த கெட்டில்.

"தேடாத, நியார் யிம்போ," என்றாள். யிம்போ ஊரிலிருந்து வாழ வந்ததால் இந்த வளவில் பென்டாவுக்கு அதுதான் பெயர். "கிடைக்காது."

"யாரு எடுத்தா?"

"அம்மாதான். விடிஞ்சதும் கக்கூஸ்ல கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க. உன்னுது, அவருது எல்லாம்."

"புட்டியோடயா?"

பென்டா அதை ஏன் கேட்டாள் என்பது மில்ட்ரெட்டுக்குப் புரிந்தது. தலையை ஆட்டினாள். "இல்லை. ஒவ்வொண்ணா மூடியைத் திறந்து கொட்டினாங்க. அப்புறம் புட்டியையும் போட்டாங்க. என் புள்ளையைத் தின்ன மாத்திரை என் வளவுல இருக்கக் கூடாதுன்னாங்க. நான் கையைப் பிடிச்சேன். உதறிட்டாங்க."

பென்டா கட்டிலின் சட்டத்தில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை. கிசுமு நகரில் இருக்கும் மருந்து ஆய்வு நிலையத்தை இன்று மாலை பூட்டினால் திங்கட்கிழமைதான் திறப்பார்கள். இன்று இரவு ஒரு வேளை, நாளை ஒரு வேளை, நாளை மறுநாள் ஒரு வேளை. மற்றவர்களுக்கு அது மூன்று நாள். அவளுடைய ரத்தத்தில் இருப்பதற்கு அது ஒரு பள்ளிக்கூடம்.

அந்த வைரஸ் நாஷோனிடமிருந்து அவளிடம் வந்தது. படித்துவிட்டு வந்தது. நாஷோன் படகு இன்ஜின் மெக்கானிக். ஏரிக்கரை ஊர்களில் இன்று இங்கே, நாளை அங்கே என்று திரிகிற பிழைப்பு. படகுக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதென்று மாத்திரையை ஸ்பானர் பெட்டிக்குள் ஒளித்துவைப்பான். பெட்டியை ஒரு கரையில் விட்டுவிட்டு அடுத்த கரைக்குப் போய்விடுவான். இப்படி விட்டு விட்டு மருந்து சாப்பிட்டதில் வைரஸ் ஒவ்வொரு மருந்தையும் ஏய்க்கக் கற்றுக்கொண்டது. தனக்கு நோய் இருப்பதை அவன் அவளிடம் சொன்னதே திருமணம் முடிந்த அடுத்த மழைக்காலத்தில்தான். அன்று அவள் அவனுடைய ஸ்பானர் பெட்டியைத் தூக்கி ஏரியில் எறிந்தாள். அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நாள் முழுக்க ஒவ்வொரு ஸ்பானராகத் தேடி எடுத்தான். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

முதல் கூட்டு மருந்து கேட்கவில்லை. இரண்டாவதும் கேட்கவில்லை. பிறகுதான் கிசுமுவுக்கு அனுப்பினார்கள். அங்கே சிஸ்டர் ஜசிந்தா இருவரையும் எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். எல்லோருக்கும் புது மருந்துகள் உண்டு. அவற்றோடு ஒரு பழைய மாத்திரையும் சேரும். ஒரு காலத்தில் மலேரியாவுக்குக் கொடுத்தது.

"அந்தக் கசப்பு மாத்திரையா?" என்றான் நாஷோன். "குளோரோகுவின்?"

"அதேதான். மத்த மருந்துக்கு அது கைகொடுக்குதான்னு பார்க்கறோம். கொடுக்குமான்னு எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா ஆய்வே வேண்டாமே."

"சிஸ்டர், அது மலேரியாவே மதிக்காத மாத்திரை. கொசுகிட்டத் தோத்துட்டு ஊரைவிட்டே ஓடினவன். அவனைப் பிடிச்சு இந்தச் சண்டைக்கு அனுப்பறீங்களா?"

"ஒரு வேலையில தோத்தவன் இன்னொரு வேலையில ஜெயிக்கக் கூடாதா?"

நாஷோன் தொடையில் தட்டிச் சிரித்தான். "அது சரிதான். எனக்கு வலை வீசத் தெரியலன்னுதான் அப்பா இன்ஜின் பக்கம் துரத்திவிட்டார்."

பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே வடிவத்தில் மருந்தில்லாத மாத்திரை என்றும் ஜசிந்தா சொன்னாள். யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. யார் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

சில நாளில் பென்டாவின் உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது. பிறகு உள்ளங்கால். தோலுக்கு மேலே இல்லை, அடியில், எறும்பு ஊர்வதுபோல. ஏரிக்கரையில் பிறந்து முப்பதைத் தாண்டிய எவருக்கும் அந்த அரிப்பைத் தெரியும். சின்ன வயதில் காய்ச்சலைவிட அதற்குத்தான் பயந்து மாத்திரையைத் துப்பியிருக்கிறார்கள்.

"அரிக்குதா?" நாஷோன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "நிஜமாவா? எங்க, காட்டு!" காட்ட அதில் எதுவுமில்லை. ஆனாலும் அவள் கையைத் தன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வந்துட்டான் பாரு, ஓடிப்போனவன்! இரு, எனக்கும் வருவான்."

அவனுக்கு வரவில்லை. அரிப்பு சிலருக்கு வரும், சிலருக்கு வராது, அதைவைத்து நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள் என்று ஜசிந்தா சொன்னாள். அவன் சரி சிஸ்டர் என்று தலையாட்டினான். ஆனால் அவன் ஒரு மாத்திரையைக் கடித்துப் பார்த்திருந்தான். பென்டாவின் எதிரில்தான் கடித்தான். முகம் கோணவில்லை. "சாக்பீஸ் மாதிரி இருக்கு," என்றான். மீதியை மென்று விழுங்கித் தண்ணீர் குடித்தான்.

"என்னுதுல பாதி எடுத்துக்கோ," என்றாள் அவள்.

"போடி. ஒரு இன்ஜினுக்கு ஊத்துற ஆயிலை ரெண்டு இன்ஜினுக்குப் பங்கு போட்டா ரெண்டுமே நடு ஏரியில நின்னுபோகும்."

அவள் விடவில்லை. மூன்று நாள் சண்டை போட்டாள். நான்காம் நாள், பாதியாக்கின மாத்திரையை அவன் உகாலிக் களி உருண்டைக்குள் வைத்து ஊட்டப் பார்த்தாள். அவன் அதை நாக்கால் துழாவி எடுத்து, கழுவி, அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் போட்டான். "சின்ன வயசுல அம்மா செஞ்ச மாதிரி என்னை ஏமாத்தாத," என்று மட்டும் சொன்னான்.

அவளுக்கு ரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் இறங்கியது. அவனுக்கும் கொஞ்சம் இறங்கியது, ஆனால் அதற்குள் நுரையீரலில் காசநோய் ஏறிவிட்டது. அவன் உடம்பில் எதிர்த்துநிற்க எதுவும் மிச்சமில்லை.

கடைசி நாள் பிற்பகலில் மழை. ஆஸ்பத்திரித் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. நாஷோன் அவளை அருகில் கூப்பிட்டான்.

"இன்னைக்கும் அரிக்குதா?"

"அரிக்குது."

"எங்க?"

"கால்ல."

"சொறி. நான் பார்க்கணும்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடித்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்து, நகத்தால் உள்ளங்காலைச் சொறிந்தாள். அவன் கண்கள் சிரித்தன. மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாகப் பேசினான். "நல்லா சொறி. என்னைப் புதைக்கிற அன்னைக்கும் மாத்திரை போடு. அழுதுக்கிட்டே மறந்துடாத."

"மறக்க மாட்டேன்."

"இன்னும் சொறி."

அவள் சொறிந்துகொண்டிருந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கவில்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆணியில் நாஷோனின் கோட்டு தொங்கியது. முழங்கையில் பெட்ரோல் கறை. எல்லைக்கு ஓடும்போது விதவை அதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பென்டா அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஸப்லோன் தலையில் இலைக்கொடி சுற்றி, கையில் ஈட்டியோடு நின்றிருந்தார். பள்ளிக்கூடக் கமிட்டியின் தலைவர். கோட்டும் டையுமாகவே அவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இன்று அடையாளம் தெரியாது. நேற்றிலிருந்து அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"யுவோரா," என்றாள். மைத்துனரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். "நான் கிசுமு போகணும்."

"இன்னைக்கா? உனக்கென்ன பைத்தியமா?"

"ராத்திரி மாத்திரை போடணும். இன்னைக்கு விட்டா திங்கட்கிழமைதான்."

"புருஷனைப் புதைச்சு மண்ணு காயல. சடங்கு முடியாம நீ இன்னொரு வீட்டு வாசல்ல கால் வைக்கக் கூடாது, இன்னொருத்தர் பாத்திரத்துல தண்ணி குடிக்கக் கூடாது. இதெல்லாம் உனக்கு நான் சொல்லித்தரணுமா?"

"நான் யார் வீட்டுக்கும் போகல. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"சடங்கு முடியட்டும். அப்புறம் கிசுமு போ, நைரோபி போ, எங்க வேணாலும் போ."

"யாரு வர்றா சடங்குக்கு?"

ஸப்லோன் ஈட்டிக் காம்பைக் கையில் உருட்டினார். "அக்கரையிலேர்ந்து ஒரு ஆளு. நம்ம சனம் இல்ல. இன்னைக்குச் சாயங்காலம் வந்துடுவான். ராத்திரி உன்கூடத் தங்கித் தீட்டைக் கழிச்சுட்டுப் போயிடுவான். அதோட உனக்கும் விடுதலை, எங்களுக்கும் விடுதலை."

"அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"எது?"

"எனக்கு இருக்கிறது."

"சத்தத்தைக் குறை."

"உங்க தம்பிகிட்டக் கத்துக்கிட்டு என்கிட்ட வந்துச்சு, யுவோரா. என்கிட்ட மிச்சத்தையும் கத்துக்கிட்டு அவன்கிட்டப் போகணுமா? அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா இல்ல?"

மாடு பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஸப்லோன் அவளை ஓரமாக, தானியக் குதிருக்குப் பின்னால் கூட்டிப்போனார். குரல் தணிந்திருந்தது.

"உன்மேல எனக்குக் கோபமில்ல. நீ அவனை நல்லாத்தான் பார்த்துக்கிட்ட. ஆனா இது முடியாம இந்த வளவுல எவனும் விதை தூவ முடியாது. என் பொண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது. நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் எல்லாரும் உன்னையும் என்னையும்தான் பார்ப்பாங்க. உனக்கு ஒரு மாத்திரை. எனக்கு ஒரு குடும்பம். நான் என்ன செய்யட்டும், சொல்லு."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

கல்லறைப் புதுமண்ணுக்குப் பக்கத்தில் பாய் விரித்து மாமியார் டோர்கா உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அந்த இடத்தைவிட்டு அசையவில்லை, விடியற்காலையில் கழிப்பறைக்குப் போய்வந்ததைத் தவிர. பென்டா அவளைக் கடக்கும்போது ஒரு கை தன்னையறியாமல் மறு கையின் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தது.

"பாருங்க, எல்லாரும் பாருங்க!" டோர்காவின் குரல் உடைந்து எழும்பியது. "தோலைப் பிடிச்சிடுச்சு! மரியாதை தெரியாதவளுக்குச் சாபம் எவ்வளவு சீக்கிரம் வருது பாருங்க!"

"சாபம் இல்லம்மா. மருந்து. அது உள்ள இருந்தா இப்படித்தான் அரிக்கும்."

"மருந்தா? என் புள்ளையும் அதே மருந்தைத்தானே தின்னான்? அவன் ஒரு நாளாவது சொறிஞ்சு நான் பார்க்கலையே!"

பென்டா வாயைத் திறந்தாள்.

டோர்கா நிமிர்ந்து பார்த்தபடி இருந்தாள். எழுபது வயதின் சிவந்த கண்கள். பதில் வந்தால் அதைப் பிடுங்கிக்கொண்டு சாகும்வரை வைத்திருப்பாள் போலிருந்தது.

பென்டா வாயை மூடிக்கொண்டாள். கோட்டின் பொத்தானைப் போட்டாள். மாடுகள் நின்றிருந்த பக்கம் நடந்தாள்.

"எல்லைவரைக்கும்தான்," என்றார் ஸப்லோன். "எங்ககூடவே திரும்பணும்."

விசில் ஊதியது. காளைகள் வேலிக் கள்ளிகளுக்கு நடுவே முண்டியடித்து வெளியேறின. பின்னால் ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் இலைக்கொத்துகளோடு பெண்கள். புழுதி எழுந்து எல்லோரையும் மூடியது. வழியில் இருந்த ஒவ்வொரு புதரையும் ஈட்டியால் குத்தினார்கள். "எங்கடா ஒளிஞ்சிருக்க? வெளிய வா!" "இன்ஜின்காரனைத் தூக்கிட்டுப் போனியே, எங்களை வந்து தொடு பார்ப்போம்!" "ஓடு! ஓடிப்போ!" ஒருவன் நாஷோனின் புகழைப் பாடினான்: செத்த இன்ஜினை எழுப்பியவன், கடனைத் திருப்பிக் கேட்கத் தெரியாதவன், மழையில் சிரித்தவன்.

பென்டா முன்னால் ஓடினாள். கோட்டு முழங்காலில் அடித்தது. முதலில் அவள் கத்தவில்லை. பிறகு ஒரு குரல் எல்லோருடையதையும்விட மேலே கேட்டது. அது தன்னுடையது என்று சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தாள். வசவுகளாக வந்துகொண்டிருந்தன. பாதி மரணத்துக்கு, பாதி நாஷோனுக்கு. ஸ்பானர் பெட்டிக்கு. அடுத்த மழைக்காலம்வரை அவளிடம் சொல்லாமல் இருந்ததற்கு. சாக்பீஸைக் கடித்துவிட்டு முகம் கோணாமல் இருந்ததற்கு.

எல்லை ஒரு வறண்ட ஓடை. கரையில் வந்ததும் காளைகளைத் திருப்பினார்கள். ஈட்டிகளை அக்கரைப் பக்கம் ஆட்டிக் கடைசியாக ஒரு முறை எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். இனி பாட்டோடு திரும்ப வேண்டும்.

பென்டா ஓடைக்குள் இறங்கினாள். மணலில் கால் புதைய மறுகரையில் ஏறினாள்.

"நியார் யிம்போ!" ஸப்லோனின் குரல். "திரும்பு!"

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். புழுதி படிந்த முகங்கள் வரிசையாக அக்கரையில்.

"நீங்க திரும்புங்க!" என்று கத்தினாள். "நான் இன்னும் விரட்டி முடிக்கல!"

யாரோ ஒருவன் அறியாமல் சிரித்துவிட்டான், உடனே அடக்கிக்கொண்டான். ஓடையைத் தாண்டிப்போய் அவளைப் பிடித்து இழுக்க யாருக்கும் கால் எழவில்லை. இப்போதுதான் அந்தப் பக்கம் மரணத்தை அனுப்பியிருந்தார்கள்.

தார் ரோட்டில் வேன் கிடைத்தது. இறந்தவனின் கோட்டைப் போட்டு, தலையில் இலைச்சருகோடு ஏறியவளைப் பார்த்ததும் மூன்று பேர் உட்கார்ந்திருந்த பின் இருக்கை காலியானது. கோழிக்கூடையோடு இருந்த பெண் கோழிகளின் தலையைக்கூட மூடினாள்.

"அக்கா, முழு சீட்டும் உங்களுக்கே," என்றான் கண்டக்டர். "இப்படி ஒரு கோட்டு எனக்குக் கிடைச்சா நானும் தினம் காலை நீட்டிக்கிட்டு வருவேன்."

"கல்யாணம் பண்ணிக்கோ. உன் பொண்டாட்டிக்குக் கிடைக்கும்."

டிரைவர் ஸ்டியரிங்கில் குனிந்து சிரிக்க ஆரம்பித்தான். கண்டக்டர் காதைப் பிடித்துக்கொண்டான்.

சிஸ்டர் ஜசிந்தா அவளைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கோட்டைப் பார்த்தாள், புழுதியைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"கக்கூஸ்ல கொட்டிட்டாங்க," என்றாள் பென்டா. "எல்லாத்தையும்."

"இன்னைக்கு வேளை தவறலையே?"

"இன்னும் இல்ல. ராத்திரிதான்."

ஜசிந்தா எடை பார்த்தாள், ரத்தம் எடுத்தாள். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுப் பேசினாள். "பென்டா, இதை நான் கேட்டே ஆகணும். வீட்டுல இவ்வளவு எதிர்ப்பு. நீங்க விலகிக்கலாம். மத்த மருந்தெல்லாம் எப்பவும்போல கிடைக்கும். யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

"விலகல."

"யோசிச்சு..."

"ஊரைத் தாண்டி ஓடி வந்திருக்கேன் சிஸ்டர். இதுக்கு மேல எங்க போய் யோசிக்க?"

ஜசிந்தா தலையசைத்தாள். சற்றுத் தயங்கினாள். "இன்னொண்ணு. நாஷோனுக்கு எந்த மாத்திரைன்னு குடும்பம் கேட்டா, டாக்டர் திறந்து பார்த்துச் சொல்ல வழி இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு குழந்தையை ஊசிக்குச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பென்டா அதைக் கேட்டபடி இருந்தாள்.

"வேண்டாம்," என்றாள். "அவர் கணக்கு ஆய்வுல சேரும் இல்ல? செத்தவர்னு எடுத்துப் போட்டுற மாட்டீங்களே?"

"மாட்டோம். அவர் எந்தப் பக்கம் இருந்திருந்தாலும் சேரும். மாத்திரை வேலை செய்யுதான்னு தெரியணும்னா, அது கிடைச்சவங்களும் வேணும், கிடைக்காதவங்களும் வேணும். ஒரு பக்கத்தை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது."

பென்டா புட்டிகளை வாங்கிக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். "அவர் உங்களை ரொம்பக் கேலி பண்ணுவார்."

"மலேரியாவே மதிக்காத மாத்திரைன்னு," என்றாள் ஜசிந்தா. சிரிக்க முயன்று, முடியாமல், மேசையில் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

வளவுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஸப்லோன் மறுபடி கோட்டும் டையும் போட்டிருந்தார். மாமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு, அறிமுகமில்லாத ஒருவனை உட்காரவைத்திருந்தார்கள். ஒல்லியான ஆள். இஸ்திரி போட்ட சட்டை, காலடியில் ஒரு துணிப்பை, கையில் டீ. அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தான்.

ஸப்லோன் குறுக்கே வந்தார். "உள்ள போ. அப்புறம் பேசலாம்."

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"வணக்கம். எங்கேர்ந்து வர்றீங்க?"

"மஃபாங்கானோ தீவு."

"பொண்டாட்டி இருக்காங்களா?"

அவன் ஸப்லோனைப் பார்த்தான். "இருக்கா. ரெண்டு குழந்தை."

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. உங்களுக்குச் சொன்னாங்களா?"

வளவில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. இத்தனை ஆண்டுகளில் அந்தச் சொல்லை அந்த முற்றத்தில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. நேற்று பாதிரியார்கூட 'நீண்டநாள் சுகவீனம்' என்றுதான் சொன்னார்.

"சாதாரண மருந்துக்கு அடங்காத வகை," என்றாள் பென்டா. "என் புருஷனுக்கும் அதுதான். எனக்கு இறங்கிக்கிட்டு வருது. நான் மாத்திரையை விடாம போடறேன். இன்னும் முழுசா அடங்கல. உங்ககிட்ட வந்தா எந்த மருந்து கேக்கும்னு எனக்குத் தெரியாது. இது உங்களுக்காகச் சொல்றது. எனக்காக ஒண்ணு சொல்றேன். எனக்கு இந்த நோயே இல்லேன்னாலும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

அவன் டீயை மண்ணில் மெதுவாக வைத்தான், சிந்திவிடக் கூடாதென்பதுபோல. துணிப்பையை எடுத்தான்.

"அண்ணே," என்றான் ஸப்லோனிடம், "இதை நீங்க சொல்லலையே." கோபம்கூட இல்லை அந்தக் குரலில். பிறகு பென்டாவைப் பார்த்து ஒரு முறை தலைதாழ்த்திவிட்டுக் கள்ளிவேலி வாசல் வழியாக வெளியேறினான். நடை போகப் போக வேகமானது.

ஸப்லோன் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். டையின் முடிச்சைத் தளர்த்தினார். "இனி இந்தக் கரையில எவனும் வர மாட்டான்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

"வர வேண்டாம்," என்றாள் பென்டா.

அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டு வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டாள். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து காலை நீட்டினாள். சற்று நேரத்தில் மில்ட்ரெட் ஒரு தட்டில் உகாலியும் வறுத்த சிறுமீனும் கொண்டுவந்து கொடுத்தாள். ஸப்லோன் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தும் கொடுத்தாள்.

மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது. பாதி சாப்பிட்டதும் பென்டா புட்டிகளைத் திறந்து, இரவுக்கானவற்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். தண்ணீர் இல்லை. தட்டை வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பானையில் மொண்டாள்.

குவளையோடு திரும்பியவள் கதவருகே நின்றாள். ஒரு கோழி கழுத்தை நீட்டித் தட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. மீனை விட்டுவிட்டு, வெள்ளையாக இருந்ததைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

பாயில் இருந்தபடியே டோர்கா கையை நீட்டினாள். கல்லறையின் ஈரமண்ணில் ஒரு கட்டியைப் பெயர்த்துக் கோழியின் மீது எறிந்தாள். அது கொக்கரித்துக்கொண்டு சிறகடித்து ஓடியது. டோர்கா கையிலிருந்த மண்ணைச் உடுப்பில் துடைத்துவிட்டு, மறுபடி ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.